அறைக்குள் எரியாத பெட்டி

கம்பியூட்டர் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியதும் உள்ளேயிருந்து காய்ந்த பல்லியொன்று விழுந்தது.

"இதாலதானா?" என்று கேட்டார் அதாவுல்லா.

"இல்ல காக்கா. இது எப்பவோ செத்தது," என்றான் பவிதரன். கல்முனைப் பசாரில் கம்பியூட்டர் திருத்துகிறவன், ஊர் பாண்டிருப்பு. குசினித் தரையில் சாக்கை விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்தான். அதாவுல்லா எதிரே குந்தியிருந்து அவன் கழற்றிய ஆணிகளில் கண் வைத்திருந்தார். நல்லதை எடுத்துக்கொண்டு பழசைப் பூட்டிவிடுவார்கள். தோணி மெசின் திருத்த வந்தவன் ஒருமுறை அப்படித்தான் செய்தான். அதற்குப் பிறகு எவனையும் நம்பியதில்லை.

பின்னறையில் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவருடைய பெண்சாதி ஹாஜறா விடியற்காலை சுபஹுக்கு மவுத்தாகியிருந்தாள். குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணியிட்டுக் கட்டிலில் கிடத்தியாயிற்று. பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மகன் அஸ்ஹர் கட்டாரில். வந்துசேர முடியாது. உம்மாவின் முகத்தை ஒருக்கா காட்டுங்கள் என்று காலையிலிருந்து அழுகிறான்.

தங்கையின் மகள் நதீரா போனை நீட்டிக்கொண்டு குசினிக்கு வந்தாள்.

"மாமா, இதில காட்டினா ஒரு நிமிசத்து வேல."

"வேணாம் எண்டு எத்தின தரம் சொல்ற? நாளைக்கி அவள்ட மையத்துப் படம் சாய்ந்தமருது ஊர் முழுக்கத் திரியும்."

"நான் படமா எடுக்கப் போறன்? சும்மா காட்டத்தானே."

"போன் பொக்கட்டுல ஊரெல்லாம் போற சாமான். கம்பியூட்டர் ஊட்டோட கிடக்கிறது. அத ஆரும் பொக்கட்டுல போட்டுக்கிட்டுப் போகேலா."

நதீரா பவிதரனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து ஆணியை முறுக்கினான்.

பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தான். உர் என்று சத்தம் வந்தது, விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான். அப்போதும் எரிந்தது.

"இப்ப சரி காக்கா."

அதாவுல்லாவே தூக்கிக்கொண்டு மையத்துக் கிடந்த பின்னறைக்குள் போனார். நதீரா வயரைக் குத்தினாள். எரியவில்லை. வெளியே கொண்டுவந்தார். குசினியில் எரிந்தது. திரும்ப உள்ளே. எரியவில்லை.

"எங்கள விசராக்குதா இது?" என்று கத்தினார். ஓதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அது என்றும் அப்படித்தான். சில நாள் எரியும், சில நாள் அசையாது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் ஹாஜறா மகனோடு கதைக்கப் போனால் எரியும். "ஒன்ட சொல்லுக்கு மட்டுந்தான் கேக்குது, மந்திரிச்சு வெச்சிரிக்கயா?" என்று வாசலில் நின்று நக்கலடிப்பார். அவர் ஒருநாளும் உள்ளே போய் அதற்கு முன்னால் இருந்ததில்லை. கண்ணாடிக்குள் இருக்கிறவனோடு என்ன கதை?

"பெட்டியில பிழை இல்ல," திரைச்சீலைக்கு வெளியே நின்று பவிதரன் சொன்னான். "உள்ள இருக்கிற பிளக்கிலதான். நான் ஒருக்கா வந்து பாக்கட்டா? அந்தப் பக்கம் திரும்பியும் பாக்க மாட்டன்."

"மையத்துக் கிடக்கிற அறைக்குள்ள பிற ஆம்பிள வரப்படா."

"அப்ப நீட்டு வயர் ஒண்டு வேணும், குசினியில இருந்து இழுக்க. கடையில இரிக்கு. ஓடிப்போய் எடுத்துட்டு வாறன்."

"கெதியா போ."

பைக் சத்தம் தேய்ந்து மறைந்தது. தப்பித்துப் போய்விட்டான், இனி வரமாட்டான் என்றுதான் அதாவுல்லா நினைத்தார்.

மையத்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வந்து முற்றத்தில் வைக்கப்பட்டது. பள்ளி மோதினார் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "காக்கா, அஸருக்குப் பாங்கு சொல்லிட்டாங்க. இனியும் வெச்சிக்கிட்டு இரிக்கப்படா."

நதீரா கடைசியாக ஒருமுறை போனை நீட்டினாள். அதற்குள்ளிருந்து அஸ்ஹரின் குரல் கேட்டது. "வாப்பா... வாப்பா..."

அதாவுல்லாவின் கை கொஞ்சம் உயர்ந்தது. கட்டிலைச் சுற்றியிருந்த பெண்கள் அவருடைய வாயைப் பார்த்தார்கள்.

"கட்டுங்க," என்றார்.

தலைமாட்டில் கபனை முடிந்தார்கள்.

சந்தூக்கைச் சுமந்துகொண்டு ஜனாஸா கேற்றைத் தாண்டும்போது பவிதரன் பைக்கோடு வேலியோரம் ஒதுங்கி நின்றான். ஹெல்மட்டைக் கழற்றியிருந்தான். தோளில் வெள்ளை வயர்ச் சுருள்.

பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு வீடு வெறுமையாகிவிட்டது. "சோறு மூடி வெச்சிரிக்கன் மாமா, தின்னுங்க," என்று சொல்லிவிட்டு நதீராவும் தன் பிள்ளைகளிடம் போய்விட்டாள். அறையைக் கழுவி, எல்லாவற்றையும் மாமி வைத்திருந்த இடத்திலேயே வைத்திருந்தாள். காலையில் குளிப்பாட்டும் தண்ணீர்ப் பாத்திரம் வைக்க அதாவுல்லா வெளியே தூக்கிப்போன மரஸ்டூலும் மேசைக்கும் சுவருக்கும் இடையில் திரும்ப வந்திருந்தது.

கால் கடுத்தது. கட்டிலில் இருக்க மனம் வரவில்லை. ஸ்டூலில் குந்தினார்.

பெட்டி உர் என்றது.

திடுக்கிட்டு எழும்பினார். நின்றுவிட்டது. கொஞ்சநேரம் அதையே பார்த்தார். மெல்லத் திரும்பக் குந்தினார். உர். குனிந்து பார்த்தபோது தெரிந்தது: ஸ்டூலின் பின்கால் பாரத்தில் சாய்ந்து, தளர்ந்த பிளக்கைச் சுவரோடு நெரித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலில் பிளக் தேய்ந்த தடம் இருந்தது.

திரை வெளிச்சமாகியது. கட்டாரிலிருந்து அழைப்பு மணியடிக்கத் தொடங்கியது. ஹாஜறா பச்சை அடையாளத்தை அமத்துவதை வாசலில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். தடுமாறித் தடுமாறி அமத்தினார்.

"உ..." என்று தொடங்கிய அஸ்ஹர் நிறுத்தினான். முகம் வீங்கியிருந்தது. "வாப்பாவா? ஒங்கட நெஞ்சு மட்டுந்தான் தெரியிது. கொஞ்சம் குனிங்க."

ஹாஜறாவின் உயரத்துக்கு வைத்த கமரா. அவர் குனிந்தார்.

"இப்ப எப்பிடி வேல செய்யிது வாப்பா?"

அவர் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சரி உடுங்க... உம்மா கிடந்த கட்டில ஒருக்கா காட்டுங்க."

கமராவைப் பிடுங்கிக் கட்டில் பக்கம் திருப்பினார். மெத்தையைச் சுருட்டிவிட்டிருந்தார்கள். பலகை மட்டும் இருந்தது, ஈரம் இன்னும் காயாமல். அஸ்ஹர் திரைக்குக் கிட்ட வந்தான். இவர் கமராவை மற்றக் கையாலும் பிடித்துக்கொண்டார்.

இரவுத் தொழுகை இஷாவுக்குப் பாங்கு கேட்டது.

"தொழப் போகல்லயா வாப்பா?"

"ஓம், போகணும்," என்றார் அதாவுல்லா.

கால்களை அகட்டி, ஸ்டூலில் இன்னும் கொஞ்சம் பாரமாக அழுந்தி இருந்தார்.