குறிப்புப் பெட்டிக்குள் இரண்டு ஆள்

காலையில் கட்டிலை விட்டு நான் மூன்று தவணையில்தான் எழுந்திருப்பேன். முதலில் ஒருக்களித்துப் படுப்பேன். அப்புறம் முழங்கையை ஊன்றி உட்காருவேன். கடைசியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை இரண்டைச் சொல்லி நிற்பேன். இடுப்புக்கு மேலே நாலு விரற்கடையில் யாரோ உட்கார்ந்து ஸ்பேனர் போட்டுத் திருகுவதுபோல இருக்கும்.

"வயசாயிடுச்சு மாமா" என்பாள் மச்சினிச்சி, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வயசு இல்ல. பீரோ."

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் பதினோரு வருஷமாகச் சுமக்கிறேன். அங்கே ஒரு வழக்கம். கட்டில், சோபா என்றால் இரண்டு ஆள். பீரோவும் ஃப்ரிட்ஜும் ஒரு ஆள். யார் வகுத்தது என்று யாருக்கும் தெரியாது, வகுத்தவன் பீரோ தூக்கியிருக்க மாட்டான் என்பது மட்டும் தெரியும். முதுகில் பெல்ட்டை மாட்டி, பீரோவைச் சாய்த்து வாங்கி, குனிந்தபடியே படி ஏற வேண்டும். இரண்டாவது ஆள் வேண்டுமானால் சூப்பர்வைசர் சரி சொல்ல வேண்டும்.

அவர் சொல்ல மாட்டார். "பீரோவை ஒருத்தன் தூக்கினா வேலை. ரெண்டு பேர் தூக்கினா ஊர்வலம்" என்பார். பேசும்போது மூக்கில் ஒரு சத்தம் சேர்ந்து வரும், அதனால் அவருக்கு விசில் என்று பெயர். மீசைக்கு வாரம் தவறாமல் மை பூசுவார்.

டாக்டர் என் முதுகுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்டியா மாடி ஏத்துறதை இன்னையோட நிறுத்துங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் உங்களை நாலு பேர் தூக்கணும்" என்றார். விசிலிடம் போய்ச் சொன்னேன். "டாக்டர் வந்து தூக்குவாரான்னு கேட்டியா?" என்றார்.

கம்பெனிக்குச் செயலி செய்து கொடுத்தது என் மச்சினிச்சிதான். மாடியில் குடியிருக்கிறாள், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு ஆபீஸ். ஒவ்வொரு வேலைக்கும் எங்கள் போனில் ஒரு சீட்டு வரும். அதில் முகவரி, சாமான், மாடி எல்லாம் இருக்கும். அடியில் 'குறிப்பு' என்று இரண்டு விரல் அகலத்தில் ஒரு பெட்டி. நாங்கள் அதில் எழுதி அனுப்பினால் விசிலின் போனுக்குப் போகும். அவர் 'சரி' என்பதைத் தொட்டால் அதுவே கம்பெனி உத்தரவு. ஆபீஸில் எத்தனை ஆள், என்ன சாமான் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்து, அதன்படி அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பெட்டியில் முதலில் ஒரு கோளாறு இருந்தது. கொஞ்சம் நீளமாக எழுதினால் மிச்சத்தை வெட்டிவிடும். எங்கள் லாரி டிரைவர் ஒருநாள், 'மூணாம் மாடியில நாய் இருக்கு, வீட்டுக்காரம்மா ஒண்ணும் பண்ணாதுங்கிறாங்க, நம்பாதீங்க, போன தடவை என் கால்சட்டையைக் கிழிச்சிடுச்சு' என்று எழுதினான். பெட்டியில் 'ஒண்ணும் பண்ணாதுங்கிறாங்க' வரைக்கும்தான் தெரிந்தது. விசில் தைரியமாக முன்னால் போனார். திரும்பி வரும்போது நாய் முன்னால் வந்ததா அவர் முன்னால் வந்தாரா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கே மச்சினிச்சிக்குப் போன் போட்டார்.

"எழுதினது மொத்தமும் பெட்டிக்குள்ளே ஒரே பார்வையில தெரியணும்மா. வெட்டக்கூடாது. விரலால தள்ளித் தள்ளிப் பார்க்க எனக்கு நேரமும் கிடையாது."

இரண்டு நாளில் செய்துவிட்டாள். மேசையில் என்னை உட்காரவைத்துக் காட்டினாள். 'கட்டில்' என்று அடித்தால் எழுத்து கொழுகொழுவென்று நின்றது. சேர்த்து அடிக்க அடிக்க, கூட்டம் ஏறிய பஸ்ஸில் ஆட்கள் ஒடுங்குவதுபோல எழுத்தெல்லாம் ஒடுங்கி இடம் விட்டன. பெட்டி அப்படியே இருந்தது.

"எதுவரைக்கும் சின்னதாகும்?" என்றேன்.

"அதுக்கு ஒரு எல்லை வைக்கலாம். ஆனா எதுக்கு? நீங்கல்லாம் காவியமா எழுதப் போறீங்க? 'டேப் தீர்ந்துடுச்சு', 'லிஃப்ட் ஓடல'. அவ்வளவுதானே மாமா உங்க எழுத்து?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் எல்லை வைக்கவில்லை என்பது மட்டும் மனதில் பதிந்துவிட்டது.

அடுத்த வாரம் டிரைவர் ஒரு நிலைக்கண்ணாடியைப் பற்றி ஆறேழு வரி எழுதினான். அவனுக்கு ரிவர்ஸ் என்று பெயர், ரிவர்ஸ் எடுக்க வராது என்பதால். கண்ணாடி உடைந்தால் தன் தலையில் விடியக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறான். விசில் போனைக் கையில் எடுத்தார். முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளினார். கை தீர்ந்துபோனது, எழுத்து தெளியவில்லை. தலையைப் பின்னால் சாய்த்தார். சுற்றி யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்தார். நாங்கள் இருவரும் கயிறு சுற்றிக்கொண்டிருந்தோம்.

"ம்ம். சரியாத்தான் எழுதியிருக்கே" என்று சொல்லி, 'சரி'யைத் தொட்டார்.

மூக்குக்கண்ணாடி போட்டால் மீசைக்குப் பூசிய மை வீணாகிவிடும் என்று நினைக்கிற மனுஷன்.

லாரியின் பின்பக்கம் ரிவர்ஸ் என் விலாவில் இடித்தான். "அண்ணே, அவருக்குத் தெரியலண்ணே."

"நிச்சயமா?"

"இருங்க, பார்த்துடுவோம்." மறுநாள் ஒரு நீளமான குறிப்பு எழுதினான். புது ஹாரன் வேண்டும் என்பதைப் பத்து வரிக்கு இழுத்து, கடைசியில் 'இதைப் படிக்கிறவருடைய மீசையில் இடது பக்கம் மை ஜாஸ்தி' என்று முடித்திருந்தான்.

அதற்கும் 'சரி' விழுந்துவிட்டது. நாலு நாளில் ஹாரனும் வந்துவிட்டது.

அன்று மத்தியானம் லாரிக்குள் அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து நான் எழுத ஆரம்பித்தேன். விஷயம் ஒரு வரிதான்: 'இன்று முதல் பீரோ, ஃப்ரிட்ஜ் எதுவானாலும் மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள்.' அதை அப்படியே அனுப்பினால் எழுத்து பெரிசாகத் தெரியும், படித்துவிட்டு என்னையும் சேர்த்து வெளியே போடுவார். எழுத்து தூசியாக வேண்டுமென்றால் மேலே கல், மண் எல்லாம் கொட்ட வேண்டும். எதை எழுத? என் வலியை எழுதினேன். கழுத்தில் தொடங்கினேன். தோள்பட்டையில் பெல்ட் அறுத்த தழும்பு, ஸ்பேனர், காலையில் மூன்று தவணை. இடுப்புக்கு வந்தபோது எழுத்து எறும்பு அளவு ஆகியிருந்தது.

"எறும்பை அவர் பார்த்துடுவாருண்ணே. இன்னும் போடுங்க."

முழங்கால் இரண்டையும் எழுதினேன். திரும்பவே இடமில்லாத படிக்கட்டுகளைக் கட்டிய கொத்தனார்கள் எல்லோரையும் திட்டினேன். எனக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது.

"இன்னும் ஒரு வரி வேணும். ஏதாவது சொல்லுடா."

ரிவர்ஸ் யோசிக்கவே இல்லை. "சூப்பர்வைசரும் சனிக்கிழமைதோறும் ஒரு பீரோவாவது எங்களோட தூக்கணும்னு போடுங்க."

சிரித்துக்கொண்டே போட்டேன். பெட்டிக்குள் இப்போது எழுத்தே இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு மட்டும் இருந்தது. அனுப்பினேன். விசில் கையை நீட்டினார், தலையைச் சாய்த்தார், "இதெல்லாம் ஏற்கெனவே பேசினதுதானே" என்று அவராகவே சொல்லிக்கொண்டு தொட்டார்.

அடுத்த நாள் சீட்டில் வந்தது: பீரோ, இரண்டாம் மாடி, ஆள் இரண்டு. விசில் முகத்தைச் சுளித்தார், ஆனால் ஆபீஸ் உத்தரவென்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. ஆபீஸில் அது அவர் உத்தரவென்று நினைத்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் என் முதுகு நிம்மதியாகக் கிடந்தது. ஒரு மாதம். கட்டிலை விட்டு இரண்டே தவணையில் எழுந்தேன்.

மாதக் கடைசியில் முதலாளியம்மா என்னையும் விசிலையும் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய மேசையில் அலமாரிக் கதவு அகலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். அதில் குறிப்புக்கென்று பெட்டி கிடையாது, எழுத்து ஒடுங்குவதும் கிடையாது. எழுதினது எழுதினபடி, சுவர் விளம்பரம் மாதிரி நின்றது. இப்படி ஒரு கம்ப்யூட்டர் இருக்கும் என்று எனக்கும் ரிவர்ஸுக்கும் தோன்றவே இல்லை.

"எல்லா பீரோவுக்கும் ரெண்டு ஆள் போயிருக்கு. ஏன்னு தேடிப் பார்த்தேன்" என்றார் முதலாளியம்மா. "இது கிடைச்சுது. 'முழங்கால் ரெண்டும் என்னுது மாதிரியே இல்லை.' என்ன இது, குறிப்பா, ஒப்பாரியா?"

நான் தரையைப் பார்த்தேன். விசில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு திரையைப் பார்த்தார். தூரத்துப் பார்வை அவருக்குப் பழுதில்லை. அப்போதுதான் முதல்தடவையாக அதைப் படிக்கிறார். கண் வரிவரியாக இறங்கியது. மூக்குச் சத்தம் நின்றுவிட்டது.

"முழுசாப் படிச்சுட்டுத்தான் சரின்னு போட்டீங்களா?"

படிக்கவில்லை என்றால் கண் தெரியவில்லை என்று ஆகும். சீட்டைப் படிக்க முடியாதவருக்கு அந்த வேலை இருக்காது. படித்தேன் என்றால் என் பீரோவுக்கு இரண்டு ஆள் நிலைக்கும். என் முதுகு அவர் வாயில் தொங்கியது.

"படிச்சேங்க."

"கடைசி வரியுமா? சூப்பர்வைசரும் சனிக்கிழமை தூக்கணும்னு இருக்கே?"

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை.

"ஆமாங்க. நல்ல யோசனைன்னு பட்டுச்சு."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கும் பட்டுச்சு. இந்த மாசம் ஒரு சாமானும் உடையல. அப்படியே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் விசில் என் சட்டைக் காலரைப் பிடித்தார். "கடைசி வரி யாருதுடா?"

"ரிவர்ஸ் சொன்னான், நான் எழுதினேன்."

"ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க" என்றார். ஆசீர்வாதம் மாதிரி இல்லை.

வீட்டில் மச்சினிச்சி அதைவிட மோசம். முதலாளியம்மா அவளையும் ஒரு பிடி பிடித்திருந்தார். தடதடவென்று தட்டி முடித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். இனி எழுத்து ஓரளவுக்குமேல் ஒடுங்காது, மிச்சத்தைத் தள்ளித்தான் பார்க்க வேண்டும்.

"எழுத்துக்கு எல்லை வச்சுட்டேன். உங்க கொழுப்புக்கு யாரு வைக்கிறது?" என்றாள். உள்ளேயிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை வந்தது. நாலு மாடி, லிஃப்ட் கிடையாது, இரும்பு பீரோ. விசில் வெள்ளைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு வந்தார்.

"நான் எந்தப் பக்கம்?"

படியில் பீரோ ஏறும்போது மேலே பிடிக்கிறவன் வழி காட்டுகிறான், கீழே பிடிக்கிறவன் சுமக்கிறான். அதனால் கட்டில், சோபாவில் பழகியபடியே நாங்கள் மாடிக்கு மாடி முனை மாறிக்கொள்வோம். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, முதல் படியிலேயே முதுகு சொல்லிவிடும். விசிலுக்கு இது தெரியாது.

"நீங்க கீழ இருங்க. பின்னாடி நின்னாத்தானே மேற்பார்வை பார்க்க முடியும்?" என்றேன்.

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. ரிவர்ஸ் லாரிக்குப் பின்னால் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டான்.

முதல் மாடி வந்தது. மாற வேண்டும். நான் மாறவில்லை. இரண்டாவதிலும் மாறவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிடுவார், கீழே வைத்துவிடுவார் என்று பார்த்தேன். வைக்கவில்லை. மூச்சுக்கு ஒரு விசில், படிக்கு ஒரு மூச்சு. மூன்றாவதில் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. மாறலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கீழ்முனை என்னிடம் வரும். இடுப்பில் ஸ்பேனர் லேசாகத் தொட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

நாலாவது மாடியில் பீரோவை வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். வேர்வையில் மீசை மை கரைந்து தாடையில் கோடு போட்டிருந்தது.

"பதினோரு வருஷம் இதை ஒண்டியாவாடா ஏத்தின?"

"ஆமா."

கொஞ்ச நேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து தண்ணீர் பாட்டிலோடு ரிவர்ஸ் வந்தான். அவன் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

"என்னண்ணே, நாலு மாடியும் சாரே கீழ்முனையா? மாத்திக்கவே இல்லையா?"

விசில் அவனைப் பார்த்தார், பிறகு என்னை. "மாத்தணுமா?"

"மாடிக்கு மாடி" என்றேன். "மறந்துட்டேன்."

"மறக்கல நீ." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பாட்டிலைக் காலி செய்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார், என்னைப் போலவே தவணை தவணையாக. "சரி, பாக்கின்னு எழுதி வச்சுக்கோ. எனக்குத் தெரியிற மாதிரி பெரிசா எழுது."

அதற்கப்புறம் மூன்று சனிக்கிழமை போய்விட்டது. மூன்று வீட்டிலும் லிஃப்ட் இருந்தது, எனக்கும் அது தோதாக இருந்தது. அவர் கேட்கவில்லை, நானாகவும் பேச்செடுக்கவில்லை. ஒரு இரும்பு பீரோ, இரண்டு மாடி, கீழ்முனை: இவ்வளவும் நான் விசிலுக்குப் பாக்கி.