துத்தமும் சுண்ணாம்பும்

புளியைக் கரைத்து ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள் அத்தாயி. ஐயாக்கண்ணுவின் நகக்கண்களில் இருந்த நீலம் போவேனா என்றது. விடியற்காலையில் போன உயிர். இப்போது மணி பத்தாகப்போகிறது. குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தவர்கள் குடத்தை இறக்காமல் வாசலில் நின்றார்கள்.

"வுடுங்க அண்ணி. முப்பது வருசத்துக் கறை. இன்னிக்கு ஒரு நாள்ல போயிருமா?" என்றான் கொழுந்தன் சந்திரசேகர்.

"போகோணும். இதோட அனுப்ப மாட்டேன்."

கணவன் செத்த வீட்டில் நகத்தைப் பார்த்து அழுகிறாளே என்று யாரும் நினைத்திருக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும். அந்த நீலம் யாரோடு நின்று வாங்கிய நீலம் என்று அவளுக்கல்லவா தெரியும்.

நாகலூர் எஸ்டேட்டில் மருந்தடிக்கும் ஆட்களுக்கு ஐயாக்கண்ணுதான் மேஸ்திரி. காபிச் செடியில் இலைத்துரு நோய் விழாமல் இருக்க நீல நிற மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிப்பார்கள். ஒரு டிரம்மில் துத்தத் தண்ணீர், இன்னொன்றில் சுண்ணாம்புத் தண்ணீர். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று மூன்றாவது டிரம்மில் சேர்ந்தாற்போல ஊற்ற வேண்டும். ஒரு கை முந்தினாலும் மருந்து கெட்டுப்போகும். ஊற்றி முடித்ததும் ஒரு கத்தியை முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்பு ஏறிச் சிவந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். துத்தம் ஊற்றுவது ஐயாக்கண்ணு. சுண்ணாம்பு ஊற்றுவது மரியசெல்வி. ஒரு வருடம் இரண்டு வருடமில்லை, இருபத்திரண்டு வருடம்.

அத்தாயி ஒரே ஒரு தடவை எஸ்டேட்டுக்குச் சோறு கொண்டுபோனபோது அதைப் பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கையை அவள் பார்த்தாள், அவள் கையை அவர் பார்த்தார். அவ்வளவுதான். கத்தி வெள்ளையாக வந்தது. ஊரில் அவர்களைப் பற்றி ஒருத்தரும் ஒரு பேச்சுப் பேசியதில்லை. பேசியிருந்தாலாவது சண்டை பிடித்து ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொந்தத் தோட்டத்து ரெண்டு ஏக்கருக்கு மருந்து கலக்கும்போது, "சுண்ணாம்ப நான் ஊத்தறேனுங்க" என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டாள். கத்தி ரத்தமாகச் சிவந்து வந்தது. அவர் திட்டவில்லை. கத்தியை வேட்டியில் துடைத்துவிட்டு, "சரி வுடு, நாளைக்கு செல்வி வரட்டும்" என்றார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட இந்நேரம் மறந்திருப்பாள்.

நீலம் போகவே இல்லை. குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, கட்டிலில் கிடத்தினார்கள். அத்தாயி அவருடைய கைகளைத் துண்டுக்குள் மறைத்து வைத்தாள்.

மதியத்துக்கு முன்னால் மரியசெல்வி வந்தாள். கையில் ஒரு மாலை. ஒப்பாரி வைக்கவில்லை. கால்மாட்டில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். மாலையைப் போடக் கை நீட்டியபோது அத்தாயி அந்த விரல்களைப் பார்த்தாள். அதே நீலம், அதே நகக்கண்ணில். இந்த வீட்டில் அவரோடு படுத்து எழுந்து, அவருக்கு இருமல் மருந்து ஊற்றி, சளிக் கிண்ணம் கழுவியவள் நான். அடையாளம் மட்டும் இவள் கையிலா?

செல்வி வெளியே போய் மகன் தனபாலிடம் ஏதோ தணிவாகச் சொல்வது ஜன்னல் வழியே தெரிந்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே வந்தான்.

"அம்மா, அப்பாவ தோட்டத்துல தாத்தா குழிக்குப் பக்கத்துல வெக்க வேண்டாங்குறாங்க. மேட்டுப் பலாமரத்தடியில வெக்கோணும்னு அப்பா சொல்லியிருந்தாராமா."

"யாருகிட்ட சொன்னாராம்?"

"செல்வி அக்காகிட்ட."

"ஓ!" என்றாள் அத்தாயி. வீடே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு ஓ. "கட்டுனவகிட்ட சொல்லல, பெத்த பையன்கிட்ட சொல்லல. சுண்ணாம்பு ஊத்துனவகிட்ட சொன்னாராமா? சித்தப்பன் எங்க வெட்டுறாரோ அங்கியே வெட்டட்டும், போ."

"அம்மா, மண்ணுல செம்பு நிக்கிதுன்னு…"

"போன்னு சொன்னேன் கண்ணு!"

செம்பு நிற்கிற கதை அவளுக்கும் தெரியும். ரெண்டு வருடத்துக்கு முன்னால் சேலத்திலிருந்து காலேஜ் பிள்ளைகள் வந்து, தோட்டத்தில் அங்கங்கே மண் எடுத்துப் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு பெண் வந்து சொன்னாள்: அடித்த மருந்திலிருந்து செம்பு மண்ணில் ஏறிவிட்டது, இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு, அதோடு போன சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மழை பெய்தாலும் கரைந்து ஓடாது, மண்புழு அங்கே பிழைக்காது. அன்றைக்கு ஐயாக்கண்ணு சாப்பிடவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டம் முழுக்கக் கொத்திக் கொத்திப் பார்த்தார். சாயங்காலம் மேட்டிலிருந்து அவர் குரல் கேட்டது.

"அத்தாயி! இங்க வந்து பாரேன்!"

அவள் போகவில்லை. ஏன் போகவில்லை? கொஞ்ச நேரம் முன்புதான் செல்வி அந்தப் பக்கம் ஏறிப் போனதைப் பார்த்திருந்தாள். அவளிடமே காட்டிக்கொள்ளட்டும் என்று அடுப்பை ஊதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் தடவை அவர் கூப்பிடவில்லை.

இப்போது அந்தக் குரல் காதுக்குள் கேட்டது. அத்தாயி எழுந்தாள். "எங்க போற ஆயா?" என்று யாரோ கேட்பதற்குள் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டாள்.

காபிச் செடிகளுக்கு நடுவே, மாமனார் குழிக்குப் பக்கத்தில், சந்திரசேகர் முழங்கால் ஆழம் வெட்டியிருந்தான். வெளியே கொட்டிய மண்ணில் அவள் கையை விட்டு அளைந்தாள். செக்கச் சிவந்த நல்ல மண்தான். விரலால் உடைத்து உடைத்துப் பார்த்தாள். ஒரு புழு இல்லை, ஒரு பூச்சி இல்லை. கழுவிக் காயவைத்த மாதிரி இருந்தது.

அங்கே சாத்தியிருந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். மருந்துக் குழாய் பலாமரம் வரைக்கும் எட்டாது. அதனால் அங்கே அடித்ததே இல்லை. சருகை ஒதுக்கிவிட்டு ஒரு கொத்துக் கொத்தினாள். கறுப்பு மண் புரண்டது. அதில் நாலைந்து புழுக்கள் நெளிந்தன. இன்னொரு கொத்து, இன்னும் நாலைந்து. அத்தாயி அப்படியே குந்திவிட்டாள். இதைக் காட்டத்தானா கூப்பிட்டீங்க? இவ்வளவுதானா? நான் பாவி, என்னென்னவோ நினைச்சுக்கிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேனே!

பின்னாலேயே ஓடிவந்த சந்திரசேகரும் தனபாலும் மூச்சு வாங்க நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, மரியசெல்வி.

அத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இங்கதான் வெட்டோணும். அவரு எங்கிட்டதான் சொன்னாரு."

"என்னங்க அண்ணி, இப்பத்தான் வேண்டாம்னீங்க? பாதிக் குழி வெட்டியாச்சு."

"துக்கத்துல மறந்துட்டேன். வெட்டுன குழிய வெறுசா வுடக்கூடாது, அதுல ஒரு வாழைக்கட்டையப் போட்டு மூடுங்க தம்பி. எங்கிட்டதான் சொன்னாரு. இங்க வந்து பாருன்னு என்னையத்தான் கூப்பிட்டாரு."

சந்திரசேகர் குழம்பிப்போய் செல்வியைத் திரும்பிப் பார்த்தான். "உங்கிட்ட சொன்னதா பையன் சொன்னானே?"

அத்தாயி செல்வியின் வாயையே பார்த்தாள். செல்வி ஒரு சொல் சொன்னால் போதும், எல்லார் முன்னாலும் மானம் போகும்.

"இல்லீங்க," என்றாள் செல்வி. "அக்காகிட்ட சொல்லிட்டேன்னு மேஸ்திரி எங்கிட்ட சொன்னாருங்க. பையனுக்கு நான் சரியாச் சொல்லலீங்க."

காப்பாற்றிவிட்டாள். அதுதான் இன்னும் எரிந்தது. இதையுமா இவளிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும்?

மழை வருவதற்குள் குழி தயாராகிவிட்டது. சொந்தத் தோட்டம் என்பதால் பெண்களும் மேடு வரை வந்தார்கள். இறக்கும்போது துண்டு விலகி அவர் கை வெளியே தெரிந்தது. அத்தாயி அதை மூடச் சொல்லவில்லை. தனபால் மூன்று கை மண் போட்டான். சந்திரசேகர் போட்டான். பங்காளிகள் போட்டார்கள். செல்வி மிளகுக்கொடி ஓரமாகவே நின்றாள்.

"செல்வி, வா இங்க," என்றாள் அத்தாயி.

அவள் வந்து குழியின் அந்தப் பக்கம் நின்றாள். அத்தாயி இந்தப் பக்கம். இரண்டு பேரும் குனிந்து இரண்டு கையிலும் மண் அள்ளினார்கள்.

அத்தாயி மண்ணை விடத் தொடங்கினாள். வேண்டுமென்றே விரலை இறுக்கி மெதுவாக விட்டாள். பிறகு சட்டென்று வேகமாக விட்டாள். மறுபடியும் நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தபோது செல்வி குழியைப் பார்க்கவில்லை. அத்தாயியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் மீதியிருந்த மண்ணும் அப்படியே நின்றது.

அத்தாயி விரல்களைத் திறந்தாள். இரண்டு பக்க மண்ணும் ஒன்றாக விழுந்தது.