இடுப்பில் ஒரு மீட்டர்

அண்ணாதுரை தஞ்சாவூருக்கும் வேளாங்கண்ணிக்கும் இடையே இருபது வருடத்துக்கு மேலாகப் பேருந்து ஓட்டுகிறவர். எந்த வளைவில் மாடு குறுக்கே வரும், எந்தப் பள்ளிக்கூடம் எப்போது விடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அந்தச் சாலையில் இறங்கி நடந்ததில்லை. சாலியமங்கலத்தில் வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்குத் தயிர் வாங்கப் போனாலும் மொபெட்டைத்தான் எடுப்பார். நடப்பதற்கென்று தனியாக ஒரு நேரம் ஒதுக்குவது வேலையில்லாதவர்கள் செய்கிற காரியம் என்பது அவருடைய கருத்து.

சித்திரை மாதம் நடந்த மருத்துவப் பரிசோதனையில் அவருடைய சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. எடையும் அப்படியே. மருத்துவர் திட்டவில்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. செப்டம்பரில் மறுபடி பார்ப்பதாகவும், அதற்குள் குறையாவிட்டால் வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று எழுத வேண்டிவரும் என்றும் சாதாரணமாகச் சொன்னார். அப்படி எழுதினால் டெப்போவுக்குள் ஒரு நாற்காலி கிடைக்கும். வண்டிகள் கிளம்புவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருக்கலாம். அண்ணாதுரைக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மகள் செம்மொழி திருவாரூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை செய்கிறவள். அப்பாவுக்கு அறிவுரை சொன்னால் ஏறாது, இயந்திரம் சொன்னால்தான் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். தீப்பெட்டி அளவில் ஒரு பெடோமீட்டர் வரவழைத்துக் கொடுத்தாள். இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம் என்று காட்டும். தினம் பத்தாயிரம் அடி வர வேண்டும் என்றாள். அண்ணாதுரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீட்டர் என்றால் அவருக்குப் பிடிக்கும். அது பொய் சொல்லாது.

முதல் நாள் பணி முடிந்து வந்து சட்டையைத் தூக்கிப் பார்த்தார். பத்தாயிரத்தைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. அவருக்கே ஆச்சரியம். அப்படி என்ன நடந்தோம் என்று யோசித்தார். டெப்போவில் அங்கும் இங்கும் போனது, வேளாங்கண்ணி நிலையத்தில் தேநீர்க்கடைக்குப் போனது, எல்லாம் சேர்ந்து வந்திருக்கும் என்று முடிவு செய்தார். அடுத்த நாளும் அப்படித்தான். ஒரு வாரம் போனதும் அவர் நடையில் ஒரு மிடுக்கு வந்தது.

அவருடைய வண்டியில் நடத்துநர் அப்சர். அதிராம்பட்டினத்துக்காரர், நாற்பது வயது, ஒல்லி. நாள் முழுக்கக் கூட்டத்துக்குள் முன்னும் பின்னும் போய்ச் சீட்டுக் கொடுப்பவர். அவரிடம் அண்ணாதுரை மீட்டரைக் காட்டிக் காட்டிப் பெருமை பேசினார். நின்றுகொண்டே வேலை பார்க்கிறவனைவிட உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் அதிகம் நடக்கிறான், இதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அப்சர் சிரித்துக்கொண்டே, அது அல்லாவுக்குத்தான் வெளிச்சம் என்றார். இவ்வளவு நடந்த உடம்புக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று அண்ணாதுரை இரவில் கூடுதலாக இரண்டு பரோட்டா சேர்த்துக்கொண்டார். மனைவி தங்கமணி ஏனென்று கேட்டபோது மீட்டரைத்தான் காட்டினார்.

இரண்டு மாதம் கழித்துச் செம்மொழி அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். சர்க்கரை இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. அவளுக்குப் புரியவில்லை. தனக்கு விடுமுறையாக இருந்த ஒரு நாளில் அப்பாவின் வண்டியிலேயே ஏறி, அவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். நீடாமங்கலம் தாண்டிச் சாலையில் ஏதோ வேலை நடந்துகொண்டிருந்தது. வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. எட்டிப் பார்த்தாள். அப்பாவின் இடுப்பில் எண் தாவித் தாவி ஏறிக்கொண்டிருந்தது.

வேளாங்கண்ணியில் எல்லாரும் இறங்கிய பிறகு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, இது நீங்க நடந்தது இல்ல. உங்க பஸ்சு நடந்தது."

அண்ணாதுரை நம்பவில்லை. மீட்டரை இருக்கையின் மேல் வைத்துவிட்டு இருக்கையைக் கையால் தட்டினார். எண் ஏறியது. இன்னொரு முறை தட்டினார். மறுபடியும் ஏறியது. அப்சர் சிரிப்பை அடக்கப் பின்படி வழியாக இறங்கிப் போய்விட்டார். அண்ணாதுரை மீட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைத் தஞ்சாவூருக்குத் திருப்பினார். பரோட்டாக்களை நினைத்தபோதுதான் அதிகமாக வலித்தது.

மறுநாள் அப்சர்தான் அவரைத் தேற்றினார். வேளாங்கண்ணியில் வண்டி நிற்கிற நேரத்தில் தூங்குவதற்குப் பதில் கடற்கரைவரை போய்வரலாம், நானும் வருகிறேன் என்றார். வண்டி ஓட்டும்போது மீட்டரை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. அப்சரின் பையில் போட்டால் அப்சர் நடந்ததைக் காட்டியது. கொக்கியில் தொங்கவிட்டால் ஆடி ஆடி எண்ணியது. கடைசியில் ஓட்டும்போது அணைத்துவைத்துவிட்டு, கீழே இறங்கியதும் போட்டுக்கொள்வது என்று ஆனது. அப்படிச் செய்த முதல் நாள் மீட்டர் காட்டிய எண் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. அண்ணாதுரை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. தயிருக்கு நடந்தே போனார். அதிகாலையில் ஆற்றங்கரையில் போய்விட்டு வந்தார். தூங்கப் போகும் முன் எண் குறைவாக இருந்தால் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பார். எதிர்வீட்டு நாய் முதலில் குரைத்தது; பிறகு சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டது.

ஆடி முடியும் சமயம் தங்கமணி பேச்செடுத்தாள். மகளுக்கு வேலை கிடைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக அவள் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்து இரண்டு வருடமாகியும் அது நிறைவேறாமலே இருந்தது. துணைக்கு வரச் சொன்னால் அவர் நம்ம பஸ்சிலேயே போய்வந்துவிடலாமே என்பார்.

"இப்ப நடந்துதானே ஆகணும் நீங்க," என்றாள். "அந்த நடைய என்கூட நடங்க."

அண்ணாதுரை ஒத்துக்கொண்டார். வருடாவருடம் ஆகஸ்ட் கடைசியில் காவிச் சேலையும் காவி வேட்டியுமாக மாதா கோயில் திருவிழாவுக்குச் சாலையோரம் நடந்து போகிற கூட்டத்தைப் பார்த்து, நேரத்துக்குப் போக முடியாமல் பண்ணுகிறார்களே என்று ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போவது அவர் வழக்கம். இப்போது நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். புதுக் காலணி வாங்கினார். மீட்டரை இடுப்பில் மாட்டிக்கொண்டு, தங்கமணியோடும் ஊரிலிருந்து போன கூட்டத்தோடும் நடக்கக் கிளம்பினார்.

தங்கமணி சின்ன வயதிலிருந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் ஊர் ஊராக நடந்தே போய்வந்தவள். ரப்பர் செருப்பும் தலையில் ஒரு துண்டுமாக, வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் ஒரே சீராகப் போனாள். முதல் நாள் அண்ணாதுரை அவளுக்கு முன்னால் போய்ப் போய் நின்றார். இரண்டாம் நாள் காலையில் பக்கத்தில் வந்தார். வெயில் ஏறியபோது பின்னால் வந்தார். கொரடாச்சேரிக்கு இன்னும் தூரம் இருந்தபோது ஒரு வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்துவிட்டார். புதுக் காலணி இரண்டு குதிகாலையும் கொப்புளமாக்கியிருந்தது. நீ போய்க்கொண்டிரு, கொரடாச்சேரியில் பிடித்துக்கொள்கிறேன் என்று அவளை அனுப்பினார். அவள் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மற்ற பெண்களோடு போனாள்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பேருந்து வந்தது. சத்தத்தை வைத்தே தன் வண்டி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. விடுப்புக்கு மாற்றாக வந்த ஓட்டுநர் அடையாளம் கண்டுகொண்டு நிறுத்தினார். படியில் அப்சர் நின்றிருந்தார். காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"ஏறுங்கண்ணே. கொரடாச்சேரில எறங்கிக்கலாம். யாரு பாக்கப் போறா?"

அண்ணாதுரை இரண்டு பக்கமும் பார்த்தார். ஏறிவிட்டார்.

முன்னிருக்கையில் இடம் கிடைத்தது. சன்னல் வழியாகக் காற்று வந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சுகமான இருக்கை எதிலும் உட்கார்ந்ததில்லை என்று தோன்றியது. அப்போதுதான் சாலையோரம் தங்கமணியைப் பார்த்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வந்த ஒரு பெண்ணின் குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு அதே சீரான நடையில் போய்க்கொண்டிருந்தாள். வண்டியை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அதில் அவர் இருப்பார் என்று நினைக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. அண்ணாதுரை தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில் மீட்டர் தெரிந்தது. வண்டியின் குலுக்கலில் அது உற்சாகமாக எண்ணிக்கொண்டிருந்தது.

கொரடாச்சேரியில் இறங்கி ஒரு தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். தேநீர் ஆறிப்போனது. வெகுநேரம் கழித்துத் தங்கமணி வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள்.

"எனக்கு முன்னாடி எப்புடி வந்தீங்க?"

அவர் எதையாவது சொல்லியிருக்கலாம். குறுக்கு வழி என்று சொல்லியிருந்தால்கூட அவள் நம்பியிருப்பாள். ஆனால் அவர் உண்மையையே சொன்னார். அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"வேண்டுதல் என்னோடது. நான் நடக்குறேன். நீங்க பஸ்ல வந்தாலும் மாதா ஒண்ணும் சொல்லாது," என்றாள். "காலு முடியலன்னா விடுங்க."

அந்தச் சிரிப்பும் அந்த இரக்கமும் சேர்ந்துதான் அவரைக் கிளப்பின. எழுந்து எதிரே இருந்த கடைக்குப் போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினார். காலணியை அவள் பையில் வைத்தார். இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுச் சாலையைத் தாண்டி, தஞ்சாவூர்ப் பக்கம் போகிற ஒரு பேருந்தில் ஏறினார். மீட்டரை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மதகு வந்ததும் நிறுத்தச் சொன்னபோது, இங்கே எதற்கு இறங்குகிறீர்கள், ஊரே இல்லையே என்று நடத்துநர் கேட்டார். விட்ட இடத்திலிருந்து நடக்க வேண்டும் என்றார் அண்ணாதுரை. அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் விசில் ஊதினார்.

மீட்டரை மறுபடி இடுப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் கொஞ்ச தூரம் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் எரிந்தது. பிறகு பழகிவிட்டது. இருபுறமும் குறுவை கதிர் தள்ளிப் பழுக்க ஆரம்பித்திருந்தது. வண்டியிலிருந்து பார்க்கும்போது அது வெறும் பச்சையாகவோ மஞ்சளாகவோதான் ஓடும். நடக்கிறவனுக்கு அதன் வாசனை கூடவே வந்தது. ஓரிடத்தில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்ற பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு, விழுகிற தண்ணீரில் காலை நீட்டினார். எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று பெரியவர் விசாரித்தார். சாலியமங்கலத்திலிருந்து நடந்து வருவதாகச் சொல்ல வாயெடுத்தவர், பாதி நடந்தும் பாதி பஸ்சிலும் என்று திருத்திக்கொண்டார்.

சாலைக்கு ஏறிச் சற்றுதூரம் போயிருப்பார். முதுகுக்குப் பின்னால் ஓர் ஒலிப்பான் அலறியது. அவர் பதறித் துள்ளி ஓரத்து முள்ளுச் செடிக்குள் இறங்கிவிட்டார். ஒரு பேருந்து சரேலென்று கடந்தது. அவருடைய டெப்போ வண்டிதான். ஓட்டியது அவரிடமே தொழில் பழகிய ஆள். தூரத்திலேயே அழுத்தியிருக்கக் கூடாதா என்று வாய்விட்டுத் திட்ட ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். வேட்டியில் ஒட்டிய முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தார். இருபது வருடத்தில் எத்தனை பேர் இப்படி முள்ளெடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தார். கணக்குப் போட முடியவில்லை.

கொரடாச்சேரிக்கு அவர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தங்கமணி அவருக்கென்று இட்லிப் பொட்டலம் வாங்கிவைத்திருந்தாள். மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று அவள் கேட்கவில்லை. அவரும் எடுத்துப் பார்க்கவில்லை. பசி அப்படி இருந்தது.

நான்காம் நாள் மாலை வேளாங்கண்ணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தங்கமணி மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நேரே கடலுக்குப் போய் முழங்கால்வரை நின்றாள். அண்ணாதுரை மணலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டியபடியே தூங்கிப்போனார். அவரை எழுப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

செப்டம்பரில் மருத்துவர் பார்த்தபோது சர்க்கரை குறைந்திருந்தது. ஒரேயடியாக அல்ல, ஆனால் போதுமான அளவு. எடை கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. வண்டி ஓட்டலாம், மாத்திரையையும் நடையையும் விடக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அண்ணாதுரை வெளியே வந்து முதலில் செம்மொழிக்குத் தொலைபேசியில் சொன்னார். பிறகு வண்டியை எடுத்தார். அந்த நாளிலிருந்து நடக்கிறவர்களைக் கண்டால் தூரத்திலேயே மெல்ல ஒரு தடவை ஒலிப்பானைத் தொடுவார். பக்கத்தில் போகும்போது வேகத்தைக் குறைப்பார். ஏன் இப்படி மெதுவாகப் போகிறீர்கள் என்று பயணிகள் கேட்டால், இறங்கி நடந்து பாருங்கள் என்பார்.

இப்போது சாலியமங்கலத்தில் காலை நடைக்கு அவரோடு இன்னும் இரண்டு ஓட்டுநர்கள் வருகிறார்கள். மூன்று பேருக்கும் இடுப்பில் மீட்டர். ஆனால் சம்பள உயர்வு, டயர் தேய்மானம், மாப்பிள்ளை பார்ப்பது என்று பேச்சு வளர்ந்து, நின்று நின்றுதான் போவார்கள். தங்கமணி அவர்களோடு கிளம்புவாள், ஆனால் காத்திருக்க மாட்டாள். அவர்கள் ஆற்றுப்பாலத்தை எட்டும்போது அவள் அக்கரைவரை போய்த் திரும்பி எதிரே வந்துகொண்டிருப்பாள், கையில் யாரோ கொடுத்த ஒரு கட்டுக் கீரையோடு.