மாடி டிரம்மில் கை வைத்தது யார்

வெண்மதியின் மாடித் தொட்டி மிளகாய்ச் செடிகள் உரம் வைத்த பத்தே நாளில் ஓரம் கருகித் தலை தொங்கிப் போயின. கத்தரியும் அப்படியே. போன தடவை அதே நீல டிரம்மில் எடுத்த உரத்துக்குச் செடி என்னமாய்த் தழைத்தது. இந்தத் தடவையும் அவள் அதையேதான் செய்தாள். காய்கறித் தோல், காய்ந்த சருகு, புளித்த மோர், வாரம் ஒரு கிளறல். தன் கையில் குறையில்லை என்றால் வேறு யாரோ கை வைத்திருக்க வேண்டும்.

யாரோ என்ன யாரோ. கணவன் சிவசங்கர் மஸ்கட்டில். கடலூர் முதுநகரில் அந்த மொட்டை மாடிக்கு ஏற வெண்மதியை விட்டால் கீழ் வீட்டு மங்கலம்தான், வீட்டுக்காரம்மா. டிரம்மை ஏற்றிய அன்றே "தளம் ஒழுவும்மா" என்று முகத்தைச் சுளித்தவள்.

செடி போனால் போகிறது. வெண்மதி தினமும் சிதம்பரத்துக்கு வேலைக்கு ரயிலேறும் முன், இரண்டு வயது மகள் அனுப்பிரியாவை மங்கலத்தின் இடுப்பில்தான் விட்டுப் போகிறாள். செடிக்கு நஞ்சு வைக்கிற கைதான் பிள்ளைக்குச் சோறும் ஊட்டுகிறது.

டிரம்மின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது. பிளீச்சிங் பவுடர் என்று முடிவு கட்டினாள். நாற்றமும் இருந்தது, ஆனால் கீழே கருவாடு வறுபடாத நாள் இல்லை என்பதால், எது டிரம், எது அடுப்பு என்று பிரிக்க முடியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மங்கலம் சிரித்தால் நடிப்பு, சிரிக்காவிட்டால் குற்றமுள்ள நெஞ்சு.

திங்கட்கிழமை பிள்ளையைப் பக்கத்துத் தெருவில் பிரிசில்லா டீச்சர் நடத்தும் காப்பகத்தில் சேர்த்தாள்.

"நாலு புள்ளைங்களோட பழகட்டும்க்கா" என்றாள் மங்கலத்திடம்.

பருப்புச் சோறு பிசைந்த கிண்ணத்தோடு வாசலில் நின்ற மங்கலம் ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். பார், வாயே திறக்கவில்லை என்று வெண்மதி அதையும் சந்தேகத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை யாருக்கும் தெரியாமல் லீவு போட்டாள். பிள்ளையை விட்டுவிட்டு வந்து, மங்கலம் தண்ணீர் பிடிக்கும் நேரம் பார்த்து மாடியேறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முதுகு வெயிலில் வெந்தது. பத்து மணிக்கு மங்கலம் வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து டிரம்முக்குள் கொட்டிக் குச்சியால் கிளறினாள்.

"என்னக்கா கொட்டுறீங்க?"

மங்கலம் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "உயிரே போயிடுச்சும்மா. வேலைக்குப் போவல?"

"என்ன கொட்டுனீங்க, அத சொல்லுங்க."

"கருவாட்டுத் தலை. கூடயே கல்லுப்பும். எங்கம்மா வூட்டுல தென்னைக்கு இதான் வப்பாங்க, கொலை கொலையா காய்க்கும். நீ கருவாடுன்னாலே மூக்கப் பொத்துவ, அதான் சொல்லாம போட்டேன். செடி வாடிக் கெடக்கேன்னு இந்த வாரம் ஜாஸ்தியாவே போட்டேன்."

கடற்கரைத் தென்னை உப்பைத் தின்று வளரும். தொட்டி மிளகாய் அதில் செத்துப்போகும். அவ்வளவுதான் விஷயம். வெண்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாள் பாரம் இறங்கிய நிம்மதியில் வாய் முந்திக்கொண்டது.

"நான் வேற பிளீச்சிங் பவுடர்னு நெனச்சிட்டேன்க்கா."

மங்கலம் சிரிக்கவில்லை. வெறும் காகிதத்தை நாலாய் மடித்தாள்.

"அதுக்குத்தான் புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டியா?"

வெண்மதிக்கு வெட்கம் காது வரை சுட்டது. மங்கலம் டிரம்மை மூடிவிட்டுப் படியிறங்கத் தொடங்கினாள்.

"அக்கா, நாளைக்குப் பாப்பாவ உங்ககிட்டயே வுடட்டுமா?"

மங்கலம் திரும்பாமலேயே சொன்னாள்.

"கருவாட்டுக் கைம்மா. கழுவிட்டுச் சொல்றேன்."