அச்சில் விட்ட இழை

தறி நின்றவர்களின் பட்டியலில் ஏழாவது பெயர் வீரபத்திரன். அதற்கு எதிரே, நெசவாளர் சங்கத்தின் செயலாளர் பூவராகவன் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் குணமாலா தட்டியிருந்த வரி: ‘ஹி ஹாஸ் கிவன் அப் வீவிங்.’ நெய்வதை விட்டுவிட்டார் என்று. விட்டவர்களின் பெயர் சங்கத்திலிருந்து அடிபடும். பிறகு தறியில் நீளவாக்கில் ஏற்றச் சங்கம் தரும் பாவு நூல் கிடையாது, பிழைப்பும் கிடையாது. மாலைத் தபாலில் பட்டியல் மெட்ராஸ் ஆபீசுக்குப் போக வேண்டும்.

கையெழுத்துக்கு வைக்குமுன் வீரபத்திரனின் மனுவை எடுத்துப் பார்த்தாள். பென்சிலில் ஒரே வரி. ‘மூணு மாசமா தறி நின்னு போச்சு, ஐயா பார்க்கவும்.’

அந்த வரியும் இந்த வரியும் ஒன்றுதானா? வெகுநேரம் விரல்கள் டைப்ரைட்டர் மேல் சும்மா கிடந்தன. சாப்பாட்டு வேளையில் டிபன் டப்பாவைத் திறக்காமல் இரண்டு தெரு தள்ளி நடந்தாள்.

வீரபத்திரனின் மனைவி அம்சா கதவைத் திறந்தாள். “டைப்பு அடிக்கிற பொண்ணா? வாம்மா. பாவு வந்துடுச்சா?”

“தறியப் பாக்கணும்.”

தறியின் மேல் பழைய வேட்டி போர்த்தியிருந்தது. அம்சா விலக்கினாள். நெய்த சேலையை என்றோ அறுத்து எடுத்தாகிவிட்டது. ஆனால் இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சில், பழைய பாவின் மிச்சம் ஒரு முழ நீளத்துக்குக் கொத்துக் கொத்தாக முடிந்து தொங்கியது.

“இத ஏன் அறுக்கல?”

உள்ளேயிருந்து வீரபத்திரன் சிரித்தார். “நல்லா கேட்ட போ! புதுப் பாவு வந்தா இந்த வாலோடதான் இழைக்கு இழை பிணைக்கணும். தறிய உடறவன்தாம்மா அதையும் அறுத்துட்டு அச்சக் கயட்டுவான்.”

“தெனம் தூசி தட்டிக்கினு இருக்கேன்,” என்றாள் அம்சா.

குணமாலா சங்கத்துக்குத் திரும்பி வந்து டைப்ரைட்டரில் புதுத் தாளை ஏற்றினாள். ‘ஹி இஸ் வெயிட்டிங் ஃபார் எ வார்ப்.’ பாவுக்காகக் காத்திருக்கிறார்.

பூவராகவன் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். “யாரக் கேட்டு மாத்தின? பாவு இல்ல, நெய்யல. ரெண்டும் ஒண்ணுதாம்மா. மெட்ராஸ்காரன் தறியப் பாத்தானா?”

“நான் பாத்தேன் சார். அச்சுல இழை விட்டு வெச்சிருக்காரு.”

“சரியான விடாக்கண்டி! ரெண்டும் ஒரே அர்த்தம்னு சொல்றேன்ல?”

“ஒண்ணுதான்னா என்னுதுலயே கையெழுத்து போடுங்க சார்.”

பேனாவைத் திறந்தார். முனை தாளைத் தொடவில்லை. விட்டுவிட்டவனைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். காத்திருப்பவனுக்கு மூன்று மாதமாய் ஏன் பாவு தரவில்லை என்று மெட்ராஸ் கேட்கும். அந்த எண்ணம் அவர் முகத்தில் மெல்லத் தெரிந்தது. ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சமணரான குணமாலா வீட்டில் பொழுது இறங்கினால் யாரும் சாப்பிடுவதில்லை. டப்பாவை இன்னும் திறக்கவில்லை. அவள் நகரவில்லை.

“ஏழாம் பேர எடுத்துட்டு வேற அடி,” என்றார் கடைசியில்.

“பாவு, சார்?”

“நாளைக்கு வரச் சொல்லு.”

“எழுதிக் குடுங்க சார்.”

முறைத்தார். பிறகு ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதினார்: ‘வீரபத்திரனுக்கு நாளை ஒரு பாவு தரவும்.’ குணமாலா அதை இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகே மடித்தாள்.