இரண்டாவது முட்டு

ஸ்கோர் எழுத என்னை அழைத்துப்போனது என் அண்ணன் ஹேமந்த். "என் தங்கச்சி பி.எஸ்சி. ஃபிசிக்ஸ். அது எழுதுனா அச்சடிச்ச மாதிரி இருக்கும்" என்று கபடிப் போட்டி நடத்துபவர்களிடம் அவனே சொல்லிவிட்டான். பேச வேண்டாம், தலை நிமிர வேண்டாம், கட்டத்தில் எண்ணை எழுதினால் போதும். எனக்குப் பிடித்த மாதிரியான வேலைதான்.

எனக்காகப் பேசுவது அண்ணனின் வழக்கம். பஸ்ஸில் டிக்கெட் கேட்பது அவன். துணிக்கடையில் சைஸ் மாற்றித் தரச் சொல்வது அவன். செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் எனக்கு இன்டர்வியூ நடந்தபோது, வாசலில் நிற்கிறேன் என்றவன் உள்ளே வந்து இரண்டு கேள்விகளுக்குப் பதிலும் சொல்லிவிட்டான். "வேலை யாருக்குப்பா?" என்று மேனேஜர் கேட்டார்.

நானும் அவனுக்கு ஒன்று செய்வேன். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் அவனைக் கேள்வி கேட்டால், எழுந்து நின்று யோசிப்பதுபோல் கூரையைப் பார்ப்பான். பிறகு என் பக்கம் திரும்பி இடது புருவத்தை மட்டும் லேசாகத் தூக்குவான். நான் உதட்டை அசைத்துப் பதிலைச் சொல்வேன். அவன் அதை ஊருக்கே கேட்கும்படி சொல்லிக் கைதட்டல் வாங்குவான். அந்தப் புருவம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத்தோப்பை ஒட்டிய மணலில் ஆடுகளம் போட்டிருந்தார்கள். ஞாயிறு மதியம் செமி ஃபைனல். திருப்போரூர் பக்கத்திலிருந்து எங்கள் அணி, எதிரே கூடுவாஞ்சேரி. ஃபைனல் பார்க்க அரசுத் துறை அணி ஒன்றின் கோச் வருவதாக இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் இரண்டு ரைடர்களை வேலைக்கு எடுக்கப்போகிறார்களாம். அண்ணனுக்கு இருபத்தாறு வயது. தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறான். அடுத்த வருஷம் வயது வரம்பைத் தாண்டிவிடுவான். ஒரு மாதமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை.

செமி முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது அண்ணன் ரைடு போனான். ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, கூடுவாஞ்சேரி ஜெகதீசன் அவன் காலைப் பிடிக்கப் பாய்ந்தான். அண்ணனும் அதே நேரத்தில் குனிந்தான். இரண்டு தலைகளும் மோதிய சத்தம் என் மேசைவரை கேட்டது. அண்ணன் குப்புற விழுந்தான். விழுந்த கை நடுக்கோட்டைத் தொட்டிருந்தது. அம்பயர் உலகநாதன் சார் இரண்டு விரலைக் காட்டினார். நான் இரண்டு என்று எழுதினேன்.

எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

எங்கள் கேப்டன் கலைவாணன் பக்கெட்டோடு ஓடினான். எங்கள் பக்கத்துக் கபடியில் எல்லா அடிக்கும் ஒரே வைத்தியம்தான். மூட்டு பிசகினாலும் ஐஸ் தண்ணீர், மூக்கு உடைந்தாலும் ஐஸ் தண்ணீர். தலையில் கவிழ்த்தான். அண்ணன் எழுந்து உட்கார்ந்து தலையை உதறினான். கூட்டம் விசிலடித்தது.

ஜெகதீசன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வந்தான்.

"வா மச்சான், இன்னொரு தபா முட்டிக்கலாம். இல்லாங்காட்டி கொம்பு மொளைக்கும்."

"அவனுக்கு மொளைச்சா இன்னாடா?" என்றான் கலைவாணன். "ஹெல்மெட்ட எப்பவும் பெட்ரோல் டேங்க் மேலதான வெச்சிக்கினு போறான்? தலைக்குப் போட்டாதான கொம்பு இடிக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெகதீசன் அண்ணனின் தலையைப் பிடித்துத் தன் தலையால் மெதுவாக ஒரு முட்டு முட்டினான். அண்ணனும் சிரித்தான். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு.

மீதி நேரம் அவனை வெளியே உட்காரவைத்தார்கள். எங்கள் அணி ஜெயித்தது. முக்கால் மணி நேர இடைவெளி. பிறகு கருங்குழி அணியோடு ஃபைனல்.

நான் எலுமிச்சை ஜூஸ் எடுத்துப்போனேன். அண்ணன் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தான்.

"கோச் வந்துட்டாரா ஜெனி?"

"வந்துட்டாருண்ணா. அதோ, வெள்ளச் சட்ட."

இரண்டு வாய் குடித்தான். "கோச் வந்துட்டாரா?"

நான் கையைக் காட்டினேன். திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான். சுற்றிய துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினான்.

"இன்னாடி, கோச் வந்தாரா இல்லியா?"

நான் டம்ளரை மணலில் வைத்தேன்.

திங்கட்கிழமைகளில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் கூட்டம் அதிகம். ஞாயிறு பைக்கில் விழுந்தவர்கள், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர்கள். டோக்கன் கொடுக்கும்போது கூட வந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான். "விழுந்தப்புறம் நல்லாதாம்மா பேசிக்கினு இருந்தான்." எங்கள் டாக்டரிடம் ஒரு முறை அதைப் பற்றிக் கேட்டேன். வேலையில் சேர்ந்து நான் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி அது. மண்டையோடு உடைந்தால்தான் காயம் என்று நினைக்காதே என்றார். உள்ளே மூளை குலுங்கினாலும் காயம்தான். பேசுவான், சிரிப்பான், சொன்னதையே திரும்பச் சொல்வான். அது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழக் கூடாது. இரண்டாவது அடி சின்னதாக இருந்தாலும் ஆளையே கொண்டுபோய்விடலாம்.

கலைவாணனிடம் போனேன்.

"கலை அண்ணா, எங்க அண்ணன் ஃபைனல் ஆட வேணாம்."

ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. "இன்னா பாப்பா? சத்தமா சொல்லு."

இன்னொரு முறை சொன்னேன்.

"அட, பயந்துட்டியா? அவனுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாதான் பேசிக்கினு கீறான்."

அதே வாக்கியம். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அண்ணனிடம் வந்தேன். அதற்கு முன்னால் நான் அவன் முகத்தைக்கூட நேராகப் பார்த்ததில்லை. அவனே திகைத்துப்போய்க் கூட வந்தான்.

"அண்ணா, உன் பேரு என்ன?"

ஆட்கள் கூடிவிட்டார்கள். "டேய், பாப்பா பரிட்சை வெக்குது பாரு!"

"ஹேமந்த். திருப்போரூர் எக்ஸ்பிரஸ்" என்றான் அண்ணன். சிரிப்பு.

"இது எந்த ஊரு?"

"மாமல்லபுரம். ரெண்டு வறுத்த மீன் வாங்கித் தரட்டுமா?" இன்னும் பெரிய சிரிப்பு.

"செமில யார்கூட ஆடின?"

அண்ணன் வாயைத் திறந்தான். மூடினான். யோசிப்பதுபோல் வானத்தைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, இடது புருவத்தை லேசாகத் தூக்கினான்.

"ஆக்டிங்கு பாரு இவன!" என்று யாரோ முதுகில் தட்டினார்கள்.

என் உதடு தானாகவே அசையப் பார்த்தது. எத்தனை வருஷப் பழக்கம். கூடுவாஞ்சேரி என்று நான் வாயசைத்திருந்தால் அவன் அதைச் சத்தமாகச் சொல்லியிருப்பான். எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். அவன் மணலில் இறங்கியிருப்பான். அந்தப் புருவம் என்னை நம்பி அப்படியே தூக்கி நின்றது.

நான் பற்களைக் கடித்துக்கொண்டேன்.

"அவனுக்குத் தெரியல" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

"தெரியல! எங்க அண்ணனுக்குத் தெரியல! இப்ப ஆடின ஆட்டம் யார்கூடன்னு அவனுக்குத் தெரியல!"

பாட்டு எப்போது நின்றதென்று எனக்குத் தெரியாது. மைதானம் முழுக்க என் குரல் கேட்டது. உலகநாதன் சார் திரும்பினார். வெள்ளைச் சட்டை கோச் திரும்பினார். தோப்போரம் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த ஜெகதீசன் எழுந்து வந்தான்.

"இன்னா மச்சான், என்னத் தெரியலயா? நானும் நீயும்தான முட்டிக்கினோம்?"

அண்ணன் அவனை மரியாதையாகப் பார்த்தான். "நீ எந்த டீமு, அண்ணாத்த?"

யாரும் சிரிக்கவில்லை. ஜெகதீசனின் நெற்றியில் வீக்கம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்த சோறு மணலில் விழுந்தது.

"நீ உக்காருடா" என்றான் கலைவாணன். குரல் மாறியிருந்தது.

"எதுக்கு? கோச் வந்துட்டாரா? நான் ஆடணும். இவ யாரு சொல்றதுக்கு?" என்று அண்ணன் எழுந்தான். கால் ஒரு பக்கம் போனது. நான் தோளைக் கொடுத்தேன். தட்டிவிட்டான். "உனுக்காக எவ்ளோ பண்ணிருக்கேன் ஜெனி? எனுக்கு ஒண்ணே ஒண்ணு... அதையும் நீ..." அவன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

ஜெகதீசனிடம் சரக்கு ஏற்றும் வண்டி இருந்தது. அவனே ஓட்டினான். செங்கல்பட்டு போய்ச் சேரும்வரை அண்ணன் என் மடியில் தலைவைத்துக் கிடந்தான். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஜெகதீசன் வண்டியை முழுவதுமாக நிறுத்தி, ஊர்ந்து ஏற்றி இறக்கினான். "நானு இன்னொரு தபா முட்டிருக்கக் கூடாது பாப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அது மெதுவாகத்தான் பட்டது என்றேன். பிறகு, இருந்தாலும் வேண்டாம் என்றேன். இனி எப்போதும் யாருக்கும் வேண்டாம்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் ஸ்கேன் நன்றாக இருப்பதால் மூளைக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை என்றார் மருத்துவமனை டாக்டர். ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். செல்போன் கூடாது, பைக் கூடாது. அவர்கள் சொல்லும்வரை மைதானத்துப் பக்கமே போகக் கூடாது. அம்மா செல்போனை வாங்கி அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டாள். அது அவ்வப்போது அரிசிக்குள்ளிருந்து அடித்தது.

அண்ணன் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். தட்டை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஐந்தாம் நாள் மதியம் கலைவாணன் வந்துவிட்டுப் போனான். ஃபைனலில் மூன்று பாயின்டில் தோல்வி. கோச் அண்ணனின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். கூப்பிடுவாரா என்று கலைவாணனுக்குத் தெரியவில்லை. அவன் போனதும் அண்ணன் கூப்பிட்டான்.

"ஜெனி, இங்க வா."

ஜன்னலில் புடவை கட்டி அறையை இருட்டாக வைத்திருந்தோம். சுவரோரம் நின்றேன்.

"அன்னிக்கி காலைல கஞ்சி குடிச்சது ஞாபகம் கீது. அப்பறம் உன் மடில படுத்துக்கினு வந்தது கொஞ்சம். நடுவுல ஒண்ணுமே இல்ல. கேட்டா கிண்டல் பண்ணுவீங்கன்னு நாலு நாளா யோசிச்சிக்கினு கீறேன்." மெதுவாகக் கேட்டான். "செமில நான் ஆடுனேனா?"

கோபமில்லை.

அன்றைய அவசரத்தில் ஸ்கோர் தாளை என் பரீட்சை அட்டையோடு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். எடுத்துவந்து, புடவையைக் கொஞ்சம் விலக்கி, அந்த வெளிச்சத்தில் படித்தேன். முதல் ரைடு, போனஸ் ஒன்று. மூன்றாவது ரைடு, இரண்டு பேர் அவுட். எண்கள் மட்டும்தான் எழுதியிருந்தேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவன் எந்தப் பக்கம் போனான், யார் பிடிக்க வந்தது, எப்படி நழுவினான் என்று எனக்கு வந்துகொண்டே இருந்தது. நான் அவ்வளவு நேரம் யாரிடமும் தொடர்ந்து பேசியதில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கடைசி ரைடுக்கு வந்ததும், கை நடுக்கோட்டைத் தொட்டதைச் சொன்னேன்.

"தொட்டேனா?"

"தொட்ட. ரெண்டு பாயின்ட்."

சிரித்தான். பிறகு, "அப்பறம்?" என்றான்.

மிச்சத்தையும் சொன்னேன். கோச் வந்தாரா என்று மூன்று முறை கேட்டதை. ஜெகதீசனை அண்ணாத்த என்றதை. புருவத்தை.

"நான் புருவத்தத் தூக்குனப்பறமும் நீ சொல்லல?"

"இல்ல."

"அத்தன பேர் முன்னாடி, தெரியலன்னு சொன்ன?"

"ம்."

"சத்தமாவா?"

"கத்தினேன்."

அண்ணன் தலையணையில் தலையைத் திருப்பி என்னையே பார்த்தான்.

"அடிப்பாவி" என்றான். "இருவத்து மூணு வருஷத்துல ஒரு தபா கத்திருக்க. அத நான் கேக்காம போய்ட்டனே."