வளர வளரச் சரியாயிடும்

மில்லி ஹானின் கொட்டகையில் அன்று சாயங்காலம் இருந்தவர்கள்: ஷெல்பி, வயது பதின்மூன்று. அவள் அப்பா கால்வின், நண்டுப் படகில் வேலை, எடை நூற்றுப் பத்து கிலோ. அம்மா நோரீன், ஆம்புலன்ஸில் வேலை. அம்மாவின் தம்பி கஸ், அப்போதைக்கு வேலை எதுவும் இல்லை. மில்லி. அப்புறம் மில்லியின் மகன்கள் கனடாவின் மறுகோடி ஆல்பர்ட்டாவுக்குப் பிழைக்கப் போனபோது விட்டுப்போன இரண்டு நாலுசக்கர பைக்குகள். பெரியது சிவப்பு. சின்னது பச்சை. அதன்மேல் உருளைக்கிழங்குச் சாக்கு கிடந்ததால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவர்கள் வந்தது சிவப்பை வாங்க.

சனிக்கிழமை ஊரே சதுப்பு நிலத்துக்குப் போகும், பெர்ரி பறிக்க. வருஷாவருஷம் ஷெல்பி போவது அப்பாவின் பைக்குக்குப் பின்னால் கட்டிய இழுவைப் பெட்டியில். வாளிகளுக்கு நடுவே, பின்பக்கம் பார்த்து, புகையைத் தின்றுகொண்டு. போன வருஷம் பெட்டியில் அவளோடு ஒரு நாயும் வந்தது. முன்பக்கம் பார்த்த இடத்தை நாய் எடுத்துக்கொண்டது.

இந்த வருஷம் சொந்த வண்டி என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அம்மா வேறு மாதிரி சொன்னாள்.

"நான் வைக்கிற டெஸ்ட்ல பாஸானா வண்டி. இல்லன்னா இந்த வருஷமும் பெட்டிதான்."

ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறவளிடம் இந்த விஷயத்தில் வாதாட அந்த ஊரில் ஆள் கிடையாது.

அந்த வீட்டில் ஷெல்பிக்கு எதையும் அளவாக வாங்கியதே இல்லை. கோட்டு, பனிச்சறுக்கு ஷூ, சைக்கிள், எல்லாமே இரண்டு அளவு பெரிசு. "வளர வளரச் சரியாயிடும்" என்பார் கால்வின். கோட்டு சரியாகிற வருஷம் ஜிப் போயிருக்கும்.

அதனால் வண்டியைப் பிள்ளைக்குப் பொருத்துவதைவிட, பிள்ளையை வண்டிக்குப் பொருத்துவது சுலபம் என்று அப்பாவும் மாமாவும் முடிவு செய்திருந்தார்கள். அப்பாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிவிட்டார்கள். குதிகாலுக்கு அடியில் பழைய பேப்பரைத் திணித்தார்கள். உடம்பு கனமாகத் தெரிய மூன்று ஸ்வெட்டர். குளிருக்குப் பேர்போன நியூஃபவுண்ட்லாந்து என்றாலும் ஆகஸ்ட் வெயில் வெயில்தான்.

"எதுக்குடி இத்தனை ஸ்வெட்டர்?" என்றாள் நோரீன்.

"குளுருதும்மா." ஷெல்பியின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"சரி, ஏறு. எழுந்து நில்லு. ஹேண்டில்பாரை இடதுபக்கம் முழுசாத் திருப்பு."

திருப்பினாள். வலது கை எட்டாமல் பிடியை விட்டது. கஸ் சத்தமாக இருமினான்.

"பிரேக்கைப் பிடி."

இரண்டு விரல் நுனிதான் தொட்டது.

"போதும், இறங்கு."

ஷெல்பி இறங்கினாள். இடது பூட்ஸ் இறங்கவில்லை. வண்டி மேலேயே, கால் வைக்கிற இடத்தில் நிமிர்ந்து நின்றது.

"ஒரு காலை மறந்துட்டியேம்மா" என்றாள் மில்லி.

நோரீன் பூட்ஸுக்குள் கைவிட்டுப் பேப்பரை உருவினாள். பிரித்துப் படித்தாள். "நண்டு விலை இறங்கிடுச்சாம். கால்வின், உன் பூட்ஸுல செய்தியெல்லாம் வருது."

"அக்கா, அது வந்து..." என்றான் கஸ்.

"நீ வாயைத் திறக்காதடா."

"நோரீன், வளர வளர..."

"இது கோட்டு இல்ல. கோட்டு பெருசா இருந்தா கை மறையும். இது பெருசா இருந்தா பிள்ளைமேல கவுந்து படுத்துக்கும். அப்படி ரெண்டு பசங்களை நான் தூக்கியிருக்கேன். மூணாவதா என் பிள்ளையத் தூக்க மாட்டேன். பெட்டிதான்."

ஷெல்பி ஒற்றைக் கால் பூட்ஸோடு நின்றாள். பெட்டி. வாளி. நாயின் முதுகு.

மில்லி போய்ச் சாக்கை இழுத்தாள். "அப்ப இது எதுக்கு நிக்குது?"

"அது வண்டியா அக்கா? புல்லு வெட்டற மிஷின்" என்றான் கஸ்.

ஷெல்பியும் அப்படித்தான் நினைத்தாள். சதுப்பில் எல்லாரும் சிரிப்பார்கள். கிறிஸ்துமஸ் வரை சிரிப்பார்கள். ஆனாலும் காருக்குப் போய்த் தன் சொந்த ஷூவை மாட்டிக்கொண்டு, ஸ்வெட்டர்களைக் கழற்றி மாமா தலையில் போட்டுவிட்டு வந்தாள். ஏறினாள். நின்றாள். திருப்பினாள். இரண்டு கையும் பிடியிலேயே இருந்தன. பிரேக் விரல்களுக்குள் வந்து உட்கார்ந்தது. இதற்கு முன் எந்தப் பொருளும் அவளுக்கு இப்படி எட்டியதில்லை.

"எனக்கு இதுதான் வேணும்."

"சிரிப்பாங்கடி" என்றான் கஸ்.

"சிரிக்கட்டும் மாமா. நாய்கிட்ட சொல்லிடுங்க, இனிமே பெட்டி முழுக்க அதுக்குத்தான்."

நோரீன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து மில்லியிடம் நீட்டினாள். ஆக்ஸிலரேட்டரில் ஒரு குட்டித் திருகாணி இருந்தது. அதை முறுக்கினால் வண்டி வேகம் போகாது.

"நான் கூடவே ஓடிவர்ற வேகத்துக்கு வை."

ஷெல்பி ஹெல்மெட்டை மாட்டி வாரை இறுக்கினாள்.

"இரு இரு. முதல்ல பிரேக்கை நான் பாக்கணும்" என்றார் கால்வின்.

நூற்றுப் பத்து கிலோவும் உட்கார்ந்ததும் வண்டி பெருமூச்சு விட்டது. முட்டி இரண்டும் காதைத் தொட்டன. உருளைக்கிழங்குப் பாத்தியைச் சுற்றி ஒரு ரவுண்டு போனார். மில்லியின் கோழி ஒன்று நடந்தே அவரை முந்தியது. கால்வின் "ஊஹூ!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார்.

"பிரேக் சரியாப் பிடிபடல. இன்னொரு ரவுண்டு!"

"அத்தான், இறங்குங்க, என் முறை!" கஸ் கூடவே ஓடிக் கடைசியில் பின்னால் தொற்றிக்கொண்டான். இரண்டு பேரும் கெக்கெக்கே என்று சிரித்தபடி பாத்திக்குள் சாய்ந்தார்கள். உருளைக்கிழங்கு நாலைந்து வெளியே வந்தது.

"தள்ளுங்கடா ரெண்டு பேரும். இதுக்கெல்லாம் தொழில் தெரிஞ்சவ வேணும்." நோரீன் ஏறினாள். துணிக்கொடிக்குள் புகுந்து, மறுபக்கம் மில்லியின் தலையணை உறையைத் தலையில் போட்டுக்கொண்டு, கண் தெரியாமல், கத்திக்கொண்டே வந்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"ஐயோ, என் தலகாணி!" என்று மில்லியும் சிரித்தாள்.

ஷெல்பி ஹெல்மெட்டோடு நாற்பது நிமிஷம் நின்றாள். "டெஸ்ட் எனக்கா, உங்களுக்கா?"

ஒருவழியாக ஏறினாள். முதல் ரவுண்டு அம்மா பக்கத்தில் ஓடிவந்தாள். இரண்டாவதில் மூச்சு வாங்கியது. மூன்றாவதில் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். நாலாவது ரவுண்டில் ஷெல்பி அந்தக் கோழியை முந்தினாள்.

"சனிக்கிழமை அப்பா வண்டிக்குப் பின்னாலயே வரணும்" என்றாள் நோரீன். "பாஸ்."

பச்சை வண்டியோடு வீட்டுக்கு வந்து, மூஸ் மான் இறைச்சிக் குழம்பைச் சாப்பிட்டு முடித்தபோதும் வெளிச்சம் இருந்தது. அப்பாவின் நாற்காலி காலி. ஷெல்பி நேரே தங்கள் கொட்டகைக்குப் போனாள். கால்வின் பச்சை வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவளுடைய ஹெல்மெட் அவர் உச்சந்தலையில் பாதி முட்டை ஓடு மாதிரி நின்றது.

"ஆயில் பாக்கறேன்."

"அப்பா, இறங்குங்க."

"படகுத்துறை வரைக்கும் ஒரே ஒரு ரவுண்டும்மா."

"உங்களுக்கு அது சின்னதுப்பா. முட்டி காதுல இடிக்குது."

"பழகப் பழகச் சரியாயிடும்."

"நீங்க சின்னப்பிள்ளையா ஆனதும் வாங்க."

ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொண்டு, முதுகில் கைவைத்து வாசல்வரை தள்ளினாள். நூற்றுப் பத்து கிலோ. அவரும் சிரித்துக்கொண்டே தள்ளப்பட்டார். வெளியே கால் வைத்ததும் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்போட்டுவிட்டுத் தன் வண்டிமேல் ஏறி உட்கார்ந்தாள்.